எங்கள் கவனத்துக்கு எதுவும் வரவில்லை

கடைசித் தொலைபேசி அழைப்புக்கு இன்னும் ஆறு மணி நேரமும் பத்து நிமிடமும் இருந்தன. அப்போதுதான் அஞ்சல் அறையிலிருந்து அந்தப் பழுப்பு உறை மேலே வந்தது.

கொள்ளைநோயால் பதினொரு மாதங்களாக அந்த வக்கீல் அலுவலகம் முக்கால்வாசி காலி. வக்கீல்கள் வீட்டிலிருந்தே வேலை பார்த்தார்கள். ஐரீன் கோவாச் மட்டும் தினமும் பேயோனிலிருந்து ரயில் பிடித்து மன்ஹாட்டன் வந்தாள். வீட்டில் அண்ணன், அண்ணி, இரண்டு குழந்தைகள், எல்லோருக்கும் ஒரே சாப்பாட்டு மேசை. இங்கே இருபத்தெட்டாவது மாடியில் அவளோடு பேச்சுக் கொடுக்க யாரும் இல்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

உறையில் அனுப்பியவர் பெயர் டாக்டர் லேலண்ட் ஏமரி, கனெக்டிகட் என்று இருந்தது. தபால் முத்திரை மூன்று வாரத்துக்கு முந்தையது. அஞ்சல் அறைக்கு இப்போதெல்லாம் எப்போதாவதுதான் ஆள் வருகிறார்.

டாக்டர் ஏமரி ஓய்வு பெற்ற கண் அறுவை நிபுணர். லார்க்ஹில் என்ற கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவர். லார்க்ஹில்லுக்குத் தொழில் கிடையாது. சரக்கு கிடையாது, கடை கிடையாது, வாடிக்கையாளர் கிடையாது. பிரெஸ்டன் வாடெல் என்பவர் தன் பெயரின் பலத்தில் அதை ஆரம்பித்திருந்தார். பங்கு ஒன்றுக்குப் பத்து டாலர் என்று விற்று இருபத்து மூன்று கோடி டாலர் திரட்டுவார்கள். அந்தப் பணத்தை ஒரு பொறுப்புக் கணக்கில் பூட்டிவைப்பார்கள். இரண்டு வருடத்துக்குள் நிஜமான கம்பெனி ஒன்றைத் தேடிப் பிடித்து அதனுடன் இணைவார்கள். கிடைக்கவில்லை என்றால் பணம் திரும்பிவிடும். பெயர் எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்த காசோலை மாதிரி. அந்தக் குளிர்காலத்தில் நியூயார்க்கில் இப்படிப்பட்ட கம்பெனிகள் தினம் நாலைந்து பிறந்தன.

அவற்றுக்கான விளக்க ஆவணம் எழுதுவதுதான் ஐரீனின் வேலை. எழுதுவது என்று சொல்லக்கூடாது. போன மாதத்து ஆவணத்தை எடுத்து, பழைய பெயரை அழித்துப் புதுப் பெயரைப் போடுவாள். ஆபத்துகள் பகுதி மட்டும் அறுபத்தொரு பக்கம். போர், கொள்ளைநோய், வெள்ளம், நிறுவனர்களின் சுயலாபம், எல்லாம் அதில் இருந்தன. யாரும் படிக்காத இடம் என்பதால் எல்லா உண்மையையும் அங்கே கொண்டுபோய்க் கொட்டியிருந்தார்கள்.

ஆனால் முதல் பக்கத்திலேயே இருந்த ஒரு வாக்கியத்தை எல்லோரும் படிப்பார்கள். இணைப்புக்காக எந்த நிறுவனத்தையும் நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. எங்கள் சார்பில் யாரும் எந்த நிறுவனத்துடனும் பேசவுமில்லை. இந்த வகைக் கம்பெனிக்கு உயிரே அந்த வாக்கியம்தான். ஏற்கெனவே பேசிவைத்திருந்தால் அது காலிக் காசோலை இல்லை. பேசிவைத்த கம்பெனியின் பெயரையும் வரவு செலவையும் விற்கும் முன்பே வெளியில் சொல்லியாக வேண்டும்.

அதை உறுதிசெய்ய ஒவ்வோர் இயக்குநருக்கும் முப்பத்தெட்டுப் பக்கக் கேள்விப் படிவம் போகும். எல்லோரும் எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்றுதான் எழுதுவார்கள். அதனால் கடைசிப் பக்கத்தில் மட்டும் கையெழுத்திட்டு அனுப்பினால் போதும் என்பது இந்தத் தொழிலில் வழக்கமாகிவிட்டது. மீதி முப்பத்தேழு பக்கம் யாருக்கும் தேவைப்பட்டதில்லை. டாக்டர் ஏமரியின் கடைசிப் பக்கம் மூன்று வாரத்துக்கு முன்பே மின்னஞ்சலில் வந்தது. ஐரீன் தன் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே எழுதினாள்: பெற்றோம், எல்லாம் 'இல்லை'.

இப்போது முழுப் படிவமும் அவள் கையில் இருந்தது. நீல மையில், ஒவ்வொரு கேள்விக்கும், பொறுமையாக எழுதப்பட்ட பதில்கள். இப்படி ஒன்றை அவள் பார்த்ததே இல்லை.

இருபத்தேழாம் கேள்வி: இணைப்பு குறித்து எந்த நிறுவனத்துடனாவது பேச்சு நடந்தது உங்களுக்குத் தெரியுமா?

ஆமாம். உடன் வைத்துள்ள தாளைப் பார்க்கவும்.

அந்தத் தாளில் மூன்று தேதிகள் இருந்தன. ஜனவரி எட்டு, பதினைந்து, இருபத்திரண்டு. இடம், பிரெஸ்டனின் கிரெனிச் வீடு. வந்தவர்கள், ட்ரெமெய்ன் கம்பெனியின் தலைவரும் அவருடைய தம்பியும். கண்ணின் அழுத்தத்தை வீட்டிலேயே பார்த்துக்கொள்ள, கைபேசியில் மாட்டும் சின்னக் கருவி ஒன்றைச் செய்கிறவர்கள். மூன்றாவது நாள் விலை முடிவானது, எண்பது கோடி டாலர். அன்று மேசையில் ஆட்டிறைச்சி நன்றாக இருந்தது என்றுகூட டாக்டர் குறித்திருந்தார்.

'பேசவுமில்லை' என்ற அந்த வாக்கியத்தை ஆவணத்தில் வைத்தவள் ஐரீன். 'எல்லாம் இல்லை' என்று எழுதியவளும் அவள்.

தாளைத் திருப்பினாள். பின்பக்கத்தில் ஓர் அட்டவணை.

சட்டம் படிக்க வருவதற்கு முன் அவள் உயிரியல் படித்தவள். நாலு வருடம் சோதனைக்கூட நோட்டில் இப்படித்தான் கோடு போட்டு எழுதியிருக்கிறாள். நாற்பது நோயாளிகள், இரண்டு பத்திகள். முதல் பத்தி டாக்டரின் சொந்தக் கருவி காட்டிய அழுத்தம்: பன்னிரண்டு, முப்பத்தெட்டு, பத்தொன்பது, நாற்பத்தொன்று. இரண்டாம் பத்தி ட்ரெமெய்ன் கருவி காட்டியது: பதினைந்து, பதினைந்து, பதினைந்து, பதினைந்து. விரலை வைத்துக் கீழே வரை போனாள். முதல் பத்தி ஏறி ஏறி இறங்கியது. இரண்டாம் பத்தி அசையவே இல்லை.

நாற்பதுக்குக் கீழே நாற்பத்தோராவதாக ஒரு வரிசை. அதை மூன்று முறை படித்தாள். பிறகு எழுந்து கதவைச் சாத்தினாள், சாத்திய பிறகு எதற்குச் சாத்தினோம் என்று தெரியாமல் மறுபடி திறந்தாள்.

*

ஹோவர்ட் க்ளிக் பங்கு விற்பனைக்கு விலை நிர்ணயிக்கும் நாட்களில் மட்டும் அலுவலகம் வருவார். ஐரீனின் மேலதிகாரி, வக்கீல் நிறுவனத்தின் சார்பில் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுகிறவர். அவள் உள்ளே போனபோது எள் தூவிய பேகல் ரொட்டியைக் காகிதத்தில் விரித்துவைத்துத் தின்றுகொண்டிருந்தார். முகக்கவசம் தாடைக்குக் கீழே கிடந்தது.

"என்ன அது?" என்றார்.

"டாக்டர் ஏமரியோட கேள்விப் படிவம்."

"அதான் மூணு வாரம் முன்னாடியே வந்துருச்சே."

"கடைசிப் பக்கம்தான் வந்துச்சு, ஹோவர்ட். இது முழுசு."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். "நீ படிச்சியா?"

"படிச்சேன்."

"ஏன்?"

கிண்டலுக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

"இருபத்தேழுக்கு ஆமான்னு எழுதியிருக்கார்," என்று ஐரீன் தாள்களை மேசைமேல் வைக்கப் போனாள்.

க்ளிக் உள்ளங்கையை விரித்துத் தடுத்தார். "வைக்காதே. மேசைமேல எள்ளு சிந்திக் கிடக்கு." நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கீழே பனியை வாரும் வண்டி மஞ்சள் விளக்குடன் போனது. "ஏமரி வயசானவர். கேள்வி புரிஞ்சிருக்காது. போன் போடு, புதுப் பக்கம் ஒண்ணு அனுப்பு, சரியா எழுதி வாங்கு."

"புரிஞ்சுதான் எழுதியிருக்கார். தேதி போட்டிருக்கார். பின்னாடி ஒரு அட்டவணை வேற—"

"அட்டவணையா? அந்தப் படிவத்துல அட்டவணைக்கு இடமே கிடையாதே."

ஐரீன் நின்றுகொண்டே இருந்தாள். அவள் கணினித் திரையில் அப்போது ஒரு கடிதம் திறந்து கிடந்தது. பங்குகளை விற்றுக்கொடுக்கும் வங்கிக்கு வக்கீல் நிறுவனம் தர வேண்டிய கடிதம். விளக்க ஆவணம் தவறு என்று எண்ணத்தக்க எதுவும் எங்கள் கவனத்துக்கு வரவில்லை என்று அதில் இருக்கும். அந்தக் கடிதம் இல்லாமல் வங்கி ஒரு டாலரைக்கூட நகர்த்தாது.

"அந்தக் கடிதம்," என்றாள்.

"அதுல கையெழுத்துப் போடப்போறது நான். என் கவனத்துக்கு என்ன வந்திருக்கு? ஒண்ணும் வரல. நான் பேகல் தின்னுட்டிருக்கேன்."

"என் கவனத்துக்கு வந்திருக்கே."

க்ளிக் திரும்பி அவளைப் பார்த்தார். ஒன்றரை வருடத்தில் அவர் அவளை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று அவளுக்குத் தோன்றியது.

"உன் பேரு அந்தக் கடிதத்துல எங்கேயாவது இருக்கா?"

"இல்லை."

"அப்புறம் என்ன?" அவர் குரல் இதமாகவே இருந்தது. "இதைக் கேட்டுக்கோ. கட்சிக்காரர் விஷயத்தை வெளியில விட்ட வக்கீலுக்கு மறுநாள் வேலை இருக்காது. அடுத்த மாசம் வக்கீல் லைசென்ஸும் இருக்காது. சட்டக் கல்லூரி முதல் வருஷத்துல சொல்லிக் குடுத்திருப்பாங்க. சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"நாலு மணிக்கு வங்கியோட அழைப்பு. நம்ம பக்கம் நான் மட்டும் பேசுவேன். இத்தனை வருஷத்துல ஒரு ஜூனியர் வாயைத் திறந்து நான் கேட்டதில்ல. போ, டாக்டருக்குப் போன் போடு. மரியாதையாப் பேசு, அவர் நல்ல மனுஷன்."

அவளுக்கு நினைவில் நின்றது அவருடைய உள்ளங்கை. விரித்த உள்ளங்கை. தாள் மேசையில் படவே இல்லை. அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது, அல்லது தெரியாமலிருக்க அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

*

டாக்டர் இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"அட்டவணையைப் பார்த்தீங்களா, மிஸ் கோவாச்?" என்றுதான் தொடங்கினார். யாரோ ஒருவர் படித்துவிட்டதில் அவருக்குச் சந்தோஷம். "நாற்பத்தொண்ணாவது வரிசை?"

"பார்த்தேன், டாக்டர்."

"என் மனைவிகிட்ட காட்டினேன். சிரிச்சுச் சிரிச்சு அவளுக்கு விக்கல் வந்துருச்சு."

"மிஸ்டர் வாடெல்கிட்ட?"

"சொன்னேனே. அவரும் சிரிச்சார். இது பழைய மாடல், பணம் வந்ததும் சரிபண்ணிடுவாங்கன்னார்." கொஞ்சம் நிறுத்தினார். "முப்பத்தெட்டு அழுத்தம் இருக்கிறவங்ககிட்ட பதினஞ்சு, சரியா இருக்குன்னு சொன்னா நிம்மதியா மருந்தை நிறுத்திடுவாங்க. ஆறு மாசம், எட்டு மாசம். அப்புறம் ஓரத்துல ஆரம்பிச்சு இருட்டிட்டே வரும். திரும்ப வராது."

ஐரீனுக்கு நெஞ்சு லேசானது. இவர் இருக்கிறார். இவர் எழுதிவிட்டார். அழைப்பில் இவரும் இருப்பார், தணிக்கைக் குழுத் தலைவர் என்ற முறையில். இவரே சொல்லிவிடுவார். தான் சும்மா கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

"டாக்டர், ஹோவர்ட் க்ளிக் அந்த ஒரு பக்கத்தை மறுபடி பூர்த்திசெய்யச் சொல்றார்."

மறுமுனையில் நாற்காலி கிரீச்சிட்டது.

"இல்லைன்னு எழுதணுமா?"

"நீங்க என்ன எழுதணும்னு நான் சொல்ல முடியாது."

"சரி, ஒரு கணக்குச் சொல்லுங்க. எனக்கு இருபத்தஞ்சாயிரம் பங்கு குடுத்திருக்காங்க. அதுக்கு நூத்தொம்பது டாலருக்கு செக் எழுதினேன். பங்கு பத்து டாலர்னா என்ன ஆகும்?"

"ரெண்டரை லட்சம்."

"இணைப்பு நடந்தாத்தானே?"

"ஆமா."

"நடக்கலைன்னா?"

"ஒண்ணும் இல்லை."

அவர் வீட்டில் வானொலி ஓடுவது கேட்டது. யாரோ அதை அணைத்தார்கள்.

"அனுப்புங்க," என்றார்.

"டாக்டர், அந்த அட்டவணை?"

"கேள்வியில அட்டவணை கேக்கலையே, மிஸ் கோவாச்."

வைத்துவிட்டார். ஐரீன் ரிசீவரைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள். க்ளிக் சொன்னதும் கிட்டத்தட்ட இதே சொற்கள்தான். இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசியிருக்கக்கூட மாட்டார்கள். அதுதான் அவளைத் திடுக்கிட வைத்தது.

*

மதியம் அண்ணன் டெடி கூப்பிட்டான். பேயோன் பேருந்து ஓட்டுநர். டிப்போவில் சாப்பாட்டு நேரம்.

"ஏய், ஐரீன், வால் ஸ்ட்ரீட்டை முழுங்கிட்டியா இல்ல மிச்சம் வெச்சிருக்கியா?"

"சொல்லு, டெடி."

"நாளைக்குக் காலைல பங்குச் சந்தையில மணி அடிச்சதும் நான் ஒண்ணு வாங்கப்போறேன். லார்க்ஹில். டிப்போவுல பாதிப் பேர் வாங்குறாங்க. வாடெல்னு ஒருத்தர் ஆரம்பிச்சது, ஆஸ்பத்திரி எல்லாம் வித்தவராம்."

அவன் எந்தக் கம்பெனிக்கு அவள் வேலை பார்க்கிறாள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டாலும் அவளால் சொல்ல முடியாது.

"அது என்ன தொழில் பண்ணுதுன்னு தெரியுமா?" என்றாள்.

"யாருக்கும் தெரியாது. அதுதானே அழகே. மண்டபம் பிடிச்சாச்சு, சாப்பாட்டுக்குச் சொல்லியாச்சு, பொண்ணை மட்டும் ரெண்டு வருஷத்துல தேடணும். பிடிக்கலைன்னா என் பத்து டாலரைத் திருப்பி வாங்கிக்குவேன். நஷ்டமே கிடையாது."

"திருப்பிக் கேக்க ஒரு தேதி இருக்கும். அதைத் தவறவிட்டா போச்சு. அந்தப் பக்கத்தைப் படிச்சியா?"

"அறுபது பக்கம் இருக்கும்மா. அதைப் படிக்கிற ஜீவன் உலகத்துல யாராவது உண்டா?" டெடி எதையோ கடித்துக்கொண்டே சிரித்தான். "உன் அண்ணி லிண்டா சொல்றா, வீட்டுக்கு முன்பணம்னு வெச்சிருந்ததுல பாதியைப் போடலாம்னு. உனக்குன்னு ஒரு ரூம் வரும்ல? சாப்பாட்டு மேசையில படிக்க வேண்டாம்."

அவள் வாயைத் திறந்தாள். எந்த வார்த்தையும் சட்டப்படி வெளியே வர முடியாது. வாங்காதே என்று சொன்னால் அதுவும் குற்றம்.

"என்ன, பேச்சைக் காணோம்? சரி, நீ எப்பவும் அப்படித்தான். வைக்கிறேன், வண்டி எடுக்கணும்."

இரண்டு நாற்பதுக்கு டாக்டரின் புதுப் பக்கம் மின்னஞ்சலில் வந்தது. அதே நீல மை. அதே பொறுமையான எழுத்து. 'இல்லை.' கீழே கையெழுத்து. அவள் திரையை நெருங்கிப் பார்த்தாள். எழுத்து எங்கேயும் நடுங்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

*

நாலு மணி.

க்ளிக் தன் அறையில் இருந்தார். ஐரீன் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம். இருவரும் ஒரே அழைப்பில், தனித்தனித் தொலைபேசியில். ஜூனியர்கள் அழைப்பில் சேர்ந்ததும் நட்சத்திரப் பொத்தானையும் ஆறையும் அழுத்தித் தங்கள் பக்கத்து ஒலியை அடைத்துவிட வேண்டும். அவளும் அடைத்தாள்; மறுபடி அழுத்தினால்தான் திறக்கும். டாக்டர் முதலில் அனுப்பிய தாள் அவள் முன்னால் இருந்தது. கிழித்துவிடும்படி யாரும் சொல்லவில்லை. யாருமே பார்க்காத ஒன்றைக் கிழிக்க யார் சொல்வார்கள்?

வங்கியின் வக்கீல் ஷிவான் ரீஸ் கேள்விகளை வாசித்தாள். ஒவ்வொரு விற்பனைக்கு முன்பும் இதே பத்தொன்பது கேள்விகள், இதே வேகம். பதில்களும் அப்படியே.

"முதல் கேள்வி. கடந்த அழைப்புக்குப் பிறகு ஏதாவது மாற்றம் உண்டா?"

"இல்லை," என்றார் பிரெஸ்டன் வாடெல். "ஆனா ஷிவான், என் மனைவி நாளைக்கு மணி அடிக்கிறதுக்கு மூணாவது கோட்டு வாங்கிட்டா. அதை மாற்றம்னு எழுதுவியா?"

சிரிப்புகள் கேட்டன. "எழுதிக்கிறேன், பிரெஸ்டன். ரெண்டாவது."

இல்லை. இல்லை. இல்லை. ஐரீன் எண்ணிக்கொண்டே வந்தாள்.

"பதினொண்ணு. கம்பெனியோ, அதன் சார்பில் வேறு யாருமோ, இணைப்பு குறித்து எந்த நிறுவனத்துடனாவது பேசியதுண்டா?"

"இல்லை," என்றார் பிரெஸ்டன். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

"டாக்டர் ஏமரி?"

ஐரீன் முன்னாலிருந்த மூன்று தேதிகளைப் பார்த்தாள்.

"இல்லை," என்றார் டாக்டர்.

பன்னிரண்டு. பதின்மூன்று. கண்ணாடிக்கு அப்பால் க்ளிக் பேனாவைத் திறந்தார். கடிதம் அவர் முன்னால் இருந்தது.

"கடைசி. இந்த அழைப்பில் இருக்கும் யாருக்காவது, ஆவணத்தைத் தவறாக்கக்கூடிய எதுவும் தெரியுமா?"

இதற்கு யாரும் பதில் சொல்வதில்லை. மூன்று நொடி மௌனம். அதுதான் பதில். மூன்று நொடி கழித்து ஷிவான் நன்றி சொல்வாள், க்ளிக் கையெழுத்துப் போடுவார், நாலரைக்கு விலை, நாளைக் காலை மணி, டிப்போவில் பாதிப் பேர்.

ஒன்று.

ஐரீன் நட்சத்திரத்தை அழுத்தினாள். ஆறை அழுத்தினாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள்.

"யாரு பேசுறது? கேக்கல. கொஞ்சம் சத்தமா."

க்ளிக்கின் பேனா நின்றது. அவர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். முகத்தில் கோபம்கூட இல்லை. தன் நாற்காலி பேசியது மாதிரி பார்த்தார்.

"ஐரீன் கோவாச்." தன் குரல் இவ்வளவு பெரிதாக வருமென்று அவளுக்குத் தெரியாது. "கம்பெனியோட வக்கீல் தரப்பு. ஜனவரியில மூணு தடவை பேச்சு நடந்திருக்கு. ட்ரெமெய்ன்கிற கம்பெனி. விலை எண்பது கோடிக்கு முடிஞ்சிருக்கு. டாக்டர் ஏமரி கையால எழுதினது என் முன்னாடி இருக்கு."

"ஹோவர்ட்," என்றார் பிரெஸ்டன். "உங்க ஆளை லைனை விட்டு எடுங்க."

க்ளிக் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். அவர் அறையிலிருந்து அவள் மேசைக்கு இருபதடி இருக்கும்.

"ஒரு நிமிஷம், யாரும் எதையும் எடுக்க வேண்டாம்," என்றாள் ஷிவான். அவளுடைய வேகம் போயிருந்தது. "மிஸ் கோவாச், வேற என்ன எழுதியிருக்கு?"

"அந்தக் கருவியை நாற்பது பேர் கண்ணுல வெச்சுப் பார்த்திருக்கார். யாருக்கு வெச்சுப் பார்த்தாலும் பதினஞ்சு காட்டுது. நாற்பத்தொரு அழுத்தம் இருக்கிறவங்களுக்கும் பதினஞ்சு."

"மெஷின் பழுதா இருந்திருக்கும்," என்றார் பிரெஸ்டன். "டாக்டர், சொல்லுங்க."

டாக்டர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

கண்ணாடிக்கு அப்பால் கதவு திறந்தது. க்ளிக் வந்துகொண்டிருந்தார். ஐரீன் தாளை விளக்குக்குக் கீழே நகர்த்தினாள். எழுத்துகள் தெளிவாகத்தான் இருந்தன.

"இன்னும் ஒரு வரிசை இருக்கு," என்றாள். "நாற்பத்தொண்ணாவது."

"அது யாரு? அதுவும் நோயாளியா?" என்றாள் ஷிவான்.

"இல்லை," என்றாள் ஐரீன். "அவிச்ச முட்டை. அதுக்கும் பதினஞ்சுதான் காட்டியிருக்கு."